வேடிக்கைக் கூலிங் கிளாஸ்: டிசைனைக் காப்பாற்ற எந்த வழி?

கல்யாண வரவேற்பு என்றால் போட்டோ பூத் என்று ஒரு மூலை இப்போது சென்னையில் கட்டாயமாகிவிட்டது. அங்கே கூடையில் கிடக்கும் கூலிங் கிளாஸ்களைக் கவனித்திருப்பீர்கள். இதயம், நட்சத்திரம், அன்னாசிப் பழம், பெரிய மீசை. பெரும்பாலும் கப்பலில் வந்து பாரிமுனையில் இறங்கி ஊர் முழுக்கப் பரவிய சரக்கு. அந்தக் கூடையில் நம் ஊர் உருவங்களும் சேர ஆரம்பித்திருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். தோகை விரித்த மயில், ஆட்டோவின் முகப்பு, லென்ஸைச் சுற்றி ஓடும் புள்ளிக் கோலம். இவற்றை வரைவது இங்கேயே இருக்கும் பிள்ளைகள். அக்ரிலிக் தகட்டை லேசரில் வெட்டியோ, கொஞ்சம் துணிச்சல் இருந்தால் அம்பத்தூர்ப் பக்கம் டை (வார்ப்பு அச்சு) போட்டு வார்த்தோ விற்கிறார்கள்.

அவர்கள் எல்லோருக்கும் ஒரே கவலை: ‘நாளைக்கே ஒருத்தன் இதைப் பார்த்து அப்படியே அடிச்சா என்ன பண்றது?’ இதற்கு நான்கு பதில்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. காப்பிரைட் தானாகவே இருக்கிறது, ஒன்றும் செய்ய வேண்டாம் என்பது ஒன்று. டிசைனைப் பதிவு செய் என்பது இரண்டாவது. டிரேட் மார்க் எடுத்துவிடு என்பது மூன்றாவது. எதற்கும் செலவழிக்காமல் மற்றவன் விழித்துக்கொள்வதற்குள் விற்று முடி என்பது நான்காவது.

டிசைன் விண்ணப்பங்களுக்குப் படம் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். அதனால் எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. ஒரு சீசனைத் தாண்டி விற்கப்போகும் பிரேம் என்றால் டிசைன் பதிவுதான், அதுவும் யார் கண்ணிலும் படுவதற்கு முன்னால். ஒரே சீசனில் முடிந்துபோகும் சரக்கு என்றால் நான்காவது வழியே போதும். காப்பிரைட்டை நம்பி இருப்பதுதான் நான்கிலும் மோசமானது.

முதலில், யாருக்காவது காட்டிவிட்டீர்களா?

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் வேண்டும். இரண்டாவது வழி உங்களுக்குத் திறந்திருக்கிறதா இல்லையா என்பது இதில்தான் இருக்கிறது.

இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு டிசைன் (வடிவமைப்பு) சட்டத்தின் நான்காவது பிரிவு சொல்வது இதுதான்: விண்ணப்பிக்கும் தேதிக்கு முன்னால் அந்த வடிவம் இந்தியாவிலோ வேறு எந்த நாட்டிலோ அச்சிலோ, பயன்பாட்டிலோ, வேறு எந்த விதத்திலோ பொதுமக்களுக்கு வெளியாகியிருந்தால் பதிவு கிடையாது. வெளியிட்டது நீங்களே என்றாலும் இதேதான். அமெரிக்காவில் சொந்தமாக வெளியிட்டவருக்கு விண்ணப்பிக்க ஒரு வருட அவகாசம் உண்டு. இங்கே அப்படிப் பொதுவான அவகாசம் எதுவும் இல்லை.

இன்ஸ்டாகிராமில் ‘விரைவில்’ என்று போட்ட ஒரு படம் போதும். பாரிமுனை மொத்த வியாபாரி, “தம்பி, ரெண்டு சாம்பிள் வெச்சுட்டுப் போங்க, ஓடுதான்னு பாத்துட்டுச் சொல்றேன்” என்பார். அந்த இரண்டு சாம்பிள் அன்றைக்குக் கடை முகப்பில் தொங்கினால் வெளியீடு ஆகிவிட்டது. வார இறுதிச் சந்தையில் மேசை போட்டு விற்றாலும் அப்படியே.

கண்காட்சிக்கு ஒரு விலக்கு இருக்கிறது. ஆனால் பலரும் நினைப்பது போல எல்லாக் கண்காட்சிக்கும் அது பொருந்தாது. மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சியாக இருக்க வேண்டும், காட்டுவதற்கு முன்பே பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்திருக்க வேண்டும், ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடக்கிறது என்பதாலேயே ஒரு கண்காட்சிக்கு இந்தத் தகுதி வந்துவிடாது.

டை போடுபவரிடமும் லேசர் கடைக்காரரிடமும் காட்டாமல் வேலை நடக்காதே என்று கேட்கலாம். அதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. நம்பிக்கையின் பேரில் காட்டியதை அவர் வெளியிட்டுவிட்டாலும் உங்கள் பதிவு அதனால் செல்லாமல் போகாது. ஆனால் நம்பிக்கையின் பேரில்தான் காட்டினேன் என்று நிரூபிக்க ஒரு பக்கத் தாளில் கையெழுத்து வாங்கி வையுங்கள். ‘இந்த டிசைன் என்னுடையது, பதிவு முடியும்வரை யாருக்கும் காட்ட மாட்டேன்’ என்று இரண்டு வரி தமிழில் இருந்தால்கூடப் போதும்.

காப்பிரைட்: ஐம்பதோடு தீர்ந்துவிடும்

காப்பிரைட்டின் கவர்ச்சி புரிகிறது. வரைந்த நொடியிலேயே உரிமை பிறக்கிறது, பதிவு கட்டாயமில்லை, வரைந்தவரின் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பின் 60 வருடமும் நீடிக்கிறது. இதைப் படித்துவிட்டுப் பலர் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறார்கள்.

1957-ஆம் ஆண்டுக் காப்பிரைட் சட்டத்தின் பதினைந்தாவது பிரிவை அவர்கள் படிப்பதில்லை. பதிவு செய்யத் தகுந்த ஒரு டிசைனைப் பதிவு செய்யாமல் விட்டு, அதைப் பொருளின் மேல் ஏற்றித் தொழில் முறையில் ஐம்பது முறைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால், அந்த டிசைனில் காப்பிரைட் அதோடு தீர்ந்தது. ஐம்பத்தோராவது கண்ணாடி லேசர் மேசையிலிருந்து இறங்கும்போது உங்கள் உரிமையும் இறங்கிப் போய்விடுகிறது. செய்தது நீங்களா, உங்கள் அனுமதியோடு இன்னொருவரா என்பது கணக்கில்லை. ஒரே கல்யாணத்துக்கு ஐம்பதுக்கு மேல் ஆர்டர் வருகிற தொழில் இது. டிசைனைப் பதிவு செய்துவிட்டாலும் அதில் காப்பிரைட் சட்டத்தின்படி உரிமை இருக்காது, டிசைன் சட்டத்தின் உரிமைதான். இரண்டு படகிலும் கால் வைக்க முடியாது.

‘நான் வரைந்தது ஓவியம், டிசைன் அல்ல’ என்று வாதிடலாமா? ஓவியம் ஓவியமாக இருக்கும்வரை அதன் காப்பிரைட் போவதில்லை. அதிலிருந்து எடுத்துப் பொருளின் மேல் ஏற்றிய வடிவத்துக்குத்தான் இந்த ஐம்பது வரம்பு. சோபாத் துணியின் பூ வேலைப்பாடு பற்றிய மைக்ரோஃபைபர்ஸ் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2009-ல் இந்தக் கோட்டைப் போட்டது. எரிவாயு டேங்கர் டிரெய்லர் வரைபடங்கள் பற்றிய கிரையோகேஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் இதை இன்னும் தெளிவாக்கியது. அது உண்மையிலேயே கலைப் படைப்பா, அல்லது கலைப் படைப்பிலிருந்து எடுத்துத் தொழில் முறையில் பொருளுக்கு ஏற்றிய டிசைனா என்று முதலில் பார்க்க வேண்டும். காப்பிரைட் பாதுகாப்புக்குள் வராது என்றால், அடுத்து அதில் மேலோங்கி நிற்பது பயன்பாடா அழகா என்று பார்க்க வேண்டும். பிரேமின் ஓரமே கோலமாக வளைந்து நிற்கும் கண்ணாடியை முதல் படியிலேயே டிசைன் என்றுதான் எவரும் சொல்வார்கள்.

எனவே காப்பிரைட் யாருக்கு உதவும் என்றால், ஒவ்வொரு பிரேமிலும் கையால் வண்ணம் தீட்டிப் பத்து இருபது மட்டும் விற்பவருக்கு. அப்புறம் பெட்டியின் மேல் இருக்கும் படத்துக்கும் விளம்பர போஸ்டருக்கும். அவ்வளவுதான்.

டிசைன் பதிவு: ஆயிரம் ரூபாயும் ஏழு படங்களும்

தனிநபர் விண்ணப்பித்தால் அரசுக் கட்டணம் 1,000 ரூபாய். ஸ்டார்ட்அப், சிறு நிறுவனங்களுக்கும் அதுவேதான், மற்றவர்களுக்கு 4,000. ஏஜென்ட் வைத்தால் அவர் கட்டணம் தனி. உரிமை முதலில் 10 வருடம், முடிவதற்கு முன் விண்ணப்பித்தால் இன்னும் 5 வருடம். பதிவு முடிய மாதங்கள் ஆனாலும் உரிமை விண்ணப்பித்த தேதியிலிருந்தே கணக்கு. கிண்டி ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கும் அறிவுசார் சொத்துக் கட்டடத்தில் விண்ணப்பத்தைக் கொடுக்கலாம், இணையத்திலும் போடலாம். டிசைன் பிரிவு கொல்கத்தாவில் இருக்கிறது. பரிசீலனை அங்கேதான் நடக்கும். டிசைன்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் சர்வதேசப் பட்டியலான லொக்கார்னோ வகைப்பாட்டில் மூக்குக் கண்ணாடியும் கூலிங் கிளாஸும் 16-06.

யார் பெயரில் போடுவது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். காசு கொடுத்து ஒருவரை வரையச் சொன்னால், சட்டப்படி உரிமையாளர் வரையச் சொன்னவர்தான். நண்பர்களாகச் சேர்ந்து செய்யும்போதுதான் இது சிக்கலாகும். வரைந்தவர், டைக்குப் பணம் போட்டவர், விற்பவர் என்று மூன்று பேர் இருந்தால் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது நட்புக்கும் நல்லது.

அடுத்து, கோலம் புதியதா என்ற கேள்வி. இதைக் கேட்காத ஆளே இல்லை. ‘புள்ளிக் கோலம் எங்க பாட்டி காலத்துது சார், அதை எப்படி என் டிசைன்னு சொல்றது?’ சட்டம் இதற்கு அழகான பதில் வைத்திருக்கிறது. தன்னளவில் பழையதாக இருந்தாலும் பயன்படுத்தும் விதத்தில் புதியதாக இருந்தால் அதுவும் அசல்தான் என்று இரண்டாவது பிரிவே சொல்கிறது. கண்ணாடித் தகட்டில் ஏற்றிய வேலைப்பாடு பற்றிய பாரத் கிளாஸ் டியூப் வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம், அந்த வடிவம் அந்தப் பொருளின் மேல் ஏற்கெனவே ஏறியிருக்கிறதா என்பதைத்தான் பார்த்தது. ஆக, வாசலில் போடும் கோலம் யாருக்கும் சொந்தமாகாது. லென்ஸின் வட்டத்தைச் சுற்றிக் கம்பிக் கோலத்தின் இழைகளையே பிரேமின் சட்டமாக வளைத்து, புள்ளிகளைச் சின்னத் துளைகளாக விட்டு நீங்கள் அமைத்த அந்தக் குறிப்பிட்ட அமைப்பு உங்களுடையதாகலாம்.

ஆனால் சந்தையில் இருக்கும் வட்டப் பிரேமின் மேல் தெரிந்த கோலம் ஒன்றை ஸ்டிக்கராக ஒட்டிவிட்டுப் போனால் கஷ்டம். தெரிந்த வடிவங்களிலிருந்தும் அவற்றின் கலவையிலிருந்தும் கணிசமாக வேறுபட்டு நிற்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். அலுவலகத்தின் இணையதளத்தில் பதிவான டிசைன்களைக் காசு இல்லாமல் தேடலாம். 16-06 வகையில் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பாருங்கள். வெளிநாட்டு விற்பனைத் தளங்களையும் பாருங்கள், அங்கே இருந்தாலும் புதுமை போய்விடும்.

இப்போது படங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் உரிமையின் எல்லை நீங்கள் கொடுக்கும் படத்தின் எல்லைதான். விண்ணப்பத்தில் வர்ணனை எழுதிச் சமாளிக்க முடியாது. முன், பின், மேல், கீழ், இடம், வலம், ஒரு சாய்வுக் கோணம் என்று ஏழு பார்வைகள் தருவது வழக்கம். இந்த ஏழிலும் ஒரே கண்ணாடி தெரிய வேண்டும். முன்பக்கப் படத்தில் மயில் கொண்டையில் மூன்று இறகும் பக்கவாட்டுப் படத்தில் இரண்டும் இருந்தால் ஆட்சேபம் வரும். பொருந்தாத படங்கள் என்னிடம் அடிக்கடி வருகின்றன. பெரும்பாலும் கணினியில் முன்பக்கத்தை மட்டும் ஆசையாக வரைந்துவிட்டு, மற்றதை லேசர் கடையின் சாம்பிளை போனில் படம் எடுத்து அனுப்புவதால் வருவது.

படத்தோடு, புதுமை எதில் இருக்கிறது என்று ஒரு வரி எழுத வேண்டும். இங்கே இரண்டு பாதைகள் பிரிகின்றன. ‘வடிவத்திலும் அமைப்பிலும்’ என்று எழுதினால், கோல இழையே பிரேமாக வளைந்திருப்பது பாதுகாக்கப்படும், அதை எந்த நிறத்தில் செய்தாலும். ‘மேற்பரப்பு வேலைப்பாட்டில்’ என்று எழுதினால், சாதாரணப் பிரேமின் மேல் நீங்கள் அச்சிட்ட கோலம்தான் பாதுகாக்கப்படும். டை போட்டு வார்க்கிறீர்கள் என்றால் முதலாவது. வாங்கி வந்த வெற்றுப் பிரேமில் அச்சிடுகிறீர்கள் என்றால் இரண்டாவது. உருவத்தையே மாற்றிச் செய்த ஒரு பிரேமுக்கு ‘வேலைப்பாடு’ என்று எழுதிவிட்டால், அதே உருவத்தை வெறுமையாக விற்பவனைத் தடுக்கப் பிடி இருக்காது.

எழுத்தும் எண்ணும் தனிக் கதை. பிரேமின் மேல் ‘வணக்கம்’ என்றோ ‘மாப்பிள்ளை’ என்றோ எழுத்து இருந்தால், டிசைனின் உயிர் அதில் இல்லாதபட்சம் படத்திலிருந்து அதை எடுக்கச் சொல்வார்கள். உயிரே அதுதான் என்றால், அந்தச் சொல்லின் மேல் தனி உரிமை கோரவில்லை என்று எழுதித்தர வேண்டியிருக்கும். கீல் எப்படி மடங்குகிறது, மூக்குத் தாங்கி எப்படி உட்காருகிறது என்பது போன்ற இயந்திரச் சங்கதிகளுக்கும் இங்கே உரிமை இல்லை. கண்ணால் பார்த்து மதிப்பிடும் தோற்றம் மட்டும்தான் டிசைன். தேசியக் கொடியை வைத்துச் சுதந்திர தினக் கண்ணாடி செய்து பதிவு செய்யலாம் என்ற யோசனையோடும் சிலர் வருகிறார்கள். கொடியையும் அரசுச் சின்னங்களையும் பதிவு செய்ய முடியாது.

சரி, பதிவு கிடைத்துவிட்டது. நகல் எடுத்தவனை என்ன செய்ய முடியும்? அதே வகைப் பொருளில் உங்கள் டிசைனையோ, பார்த்ததுமே தெரியும் போலியையோ விற்பது உரிமை மீறல். ஒரு புள்ளியைக் குறைத்து ஒரு இழையைக் கூட்டிவிட்டதால் அவன் தப்பிவிட முடியாது, மொத்தத் தோற்றத்தைத்தான் பார்ப்பார்கள். சட்டம் இரண்டு வழி தருகிறது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொரு மீறலுக்கும் 25,000 ரூபாய் வரை, ஒரு டிசைனுக்கு மொத்தம் 50,000-க்கு மேற்படாமல் கேட்பது ஒரு வழி. நஷ்ட ஈட்டுக்கும் தடை உத்தரவுக்கும் வழக்குப் போடுவது மறு வழி. முதல் தொகை வக்கீல் செலவுக்கே பற்றாது. எனவே நிஜமான பலம் தடை உத்தரவில்தான் இருக்கிறது.

வழக்கைத் தொடங்க மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே இடமில்லை. எதிராளி ‘இந்தப் பதிவே செல்லாது’ என்று வாதம் எடுத்துவிட்டால் வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு மாறும், உச்ச நீதிமன்றம் 2020-ல் மோல்ட்-டெக் வழக்கில் இதை உறுதி செய்தது. அவன் அந்த வாதத்தை எடுக்காமல் இருக்கப்போவதில்லை. உங்கள் பழைய இன்ஸ்டாகிராம் பதிவைத் தேடிக் கண்டுபிடிப்பதும் அப்போதுதான். விண்ணப்பத்துக்கு முன் படத்தை வெளியிடாதீர்கள் என்று நான் படித்துப் படித்துச் சொல்வதற்கு இதுதான் காரணம். சென்னைக்காரர்களுக்கு ஒரு வசதி, நம் உயர் நீதிமன்றத்திலேயே அறிவுசார் சொத்து வழக்குகளுக்கென்று தனிப் பிரிவு 2023-லிருந்து இயங்குகிறது.

பலருக்கும் தெரியாத இன்னொரு பலம், சுங்கத் துறை. இறக்குமதிப் பொருட்களில் அறிவுசார் சொத்துரிமையைக் காக்கும் 2007-ஆம் ஆண்டு விதிகளின்படி, பதிவு பெற்ற டிசைனைச் சுங்கத் துறையிடம் பதிந்து வைக்கலாம். நகல் சரக்கு துறைமுகத்துக்கு வந்தால் அவர்கள் அங்கேயே நிறுத்தி உங்களுக்குத் தகவல் சொல்வார்கள். அதற்கு நீங்கள் உத்தரவாதப் பத்திரம் கொடுக்க வேண்டும். வேடிக்கைக் கண்ணாடித் தொழிலில் நகல் எங்கிருந்து வரும் என்று உங்களுக்கே தெரியும். கடை கடையாக ஏறி இறங்கி ஒவ்வொரு வியாபாரியோடும் மல்லுக்கட்டுவதைவிட, கன்டெய்னர் கதவிலேயே தடுப்பது எத்தனையோ மேல். இந்த வசதி பேட்டன்ட்டுக்குக்கூட இப்போது இல்லை, 2018-ல் எடுத்துவிட்டார்கள். டிசைனுக்கு இருக்கிறது.

கடைசியாகச் செய்ய வேண்டிய சின்ன வேலை, பெரிய விளைவு. பதிவு பெற்ற பிறகு விற்கும் ஒவ்வொரு கண்ணாடியிலும் ‘ரெஜிஸ்டர்டு’ என்ற சொல்லோ அதன் சுருக்கமான ‘ஆர்.டி.’ என்ற எழுத்துகளோ, கூடவே பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், குறியிட எல்லா முயற்சியும் செய்ததாகவோ மீறியவனுக்குப் பதிவு பற்றித் தெரியும் என்பதாகவோ நிரூபித்தால் ஒழிய நஷ்ட ஈடு கிடைக்காது. காதில் மாட்டும் காலின் உட்பக்கத்தில் அந்த எழுத்துக்கு இடம் விட்டே டையை வெட்டச் சொல்லுங்கள். பிறகு தனியாக அச்சிட்டால் வியர்வையில் அழிந்துவிடும். சென்னை வெயிலில் சீக்கிரமே அழிந்துவிடும்.

டிரேட் மார்க்: பெயருக்கு ஆம், உருவத்துக்கு இல்லை

1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு பொருளின் உருவமும் டிரேட் மார்க் ஆகலாம் என்பது உண்மைதான். பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போனால் முடிவே இல்லாத உரிமை என்பதும் உண்மை. ஆசை வருவது இயல்பு.

ஆனால் அதே சட்டத்தின் ஒன்பதாவது பிரிவு, பொருளுக்குக் கணிசமான மதிப்பைக் கொடுப்பதே அந்த உருவம்தான் என்றால் அதை டிரேட் மார்க்காகப் பதிவு செய்ய முடியாது என்கிறது. மயில் கண்ணாடியை மக்கள் வாங்குவதே மயிலுக்காகத்தான். கண்ணுக்கு நிழல் வேண்டும் என்றால் சாதாரணக் கண்ணாடி வாங்கியிருப்பார்கள். எனவே வேடிக்கைக் கண்ணாடியின் உருவத்துக்கு இந்தக் கதவு அநேகமாக மூடியே இருக்கிறது.

பெயருக்கு மட்டும் எடுங்கள். டிரேட் மார்க் பொருள் பட்டியலில் கண்ணாடிகள் வருவது ஒன்பதாம் வகுப்பில், இணையத்தில் விண்ணப்பித்தால் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் 4,500 ரூபாய். டிசைன் பதிவு அதிகபட்சம் பதினைந்து வருடத்தில் முடிந்துவிடும், பெயர் நிற்கும். அதற்குள் உங்கள் பெயரைக் கேட்டு வாங்கும் வாடிக்கையாளர்கள் உருவாகியிருந்தால், நகலோடு போட்டி போட அதுதான் கை கொடுக்கும். ஒருவரே பெயரையும் உருவத்தையும் சேர்த்துத் திருடினால் டிசைன் மீறலையும் போலிப் பெயர் வியாபாரத்தையும் ஒரே வழக்கில் சேர்க்கலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2018-ல் கார்ல்ஸ்பெர்க் வழக்கில் சொல்லியிருக்கிறது.

பேட்டன்ட் பற்றி ஒரே வரி. விசிறி போல மடங்கி விரியும் புதிய இயக்கம் ஏதாவது கண்டுபிடித்திருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள், அலங்காரத்துக்கு அது இல்லை.

எதுவும் பதிவு செய்யாமல் விற்பது

இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. சில கண்ணாடிகளுக்கு இதுவே சரியான வழி, புத்தாண்டு எண் கண்ணாடி அதற்கு நல்ல உதாரணம். சியாட்டில் நகரத்து இசைக்கலைஞர்கள் ரிச்சர்ட் ஸ்க்லஃபானியும் பீட்டர் சிசெரோவும் 1990-களின் தொடக்கத்தில் ஆண்டின் எண்ணையே பிரேமாக்கி விற்றார்கள். நடு இரண்டு எண்களின் வட்டத்துக்குள் கண்கள். 1990 முதல் 2009 வரை அந்த யோசனைக்குக் காலண்டரே துணை நின்றது, நடுவில் இரண்டு ஒன்பதோ இரண்டு சைபரோ இருந்துகொண்டே இருந்தது. 2010 பிறந்ததும் நடுவில் ஒன்று வந்து உட்கார்ந்தது, எங்கே கண்ணை வைப்பது என்று ஒவ்வொரு வருடமும் புதிதாக யோசிக்க வேண்டியதாயிற்று. பேட்டன்ட் வாங்கியிருந்தும் மற்றவர்களின் எண் கண்ணாடிகள் உலகம் முழுக்க வந்துவிட்டன.

டிசம்பர் 31 இரவு பெசன்ட் நகர் கடற்கரையில் விற்கும் கண்ணாடிக்கு ஜனவரி 2-ஆம் தேதி மதிப்பில்லை. அதைப் பதிவு செய்து, ஆட்சேபத்துக்குப் பதில் எழுதி, சான்றிதழ் கைக்கு வருவதற்குள் அடுத்த பொங்கலே வந்துவிடும். எண்ணின் மேல் உரிமையும் கிடைக்காது. அந்தப் பணத்தை இன்னும் இருநூறு கண்ணாடி வெட்டப் போடுங்கள். சேப்பாக்கத்தில் மேட்ச் நடக்கும் நாட்களுக்கான மஞ்சள் கண்ணாடிக்கும் இதே கணக்குத்தான். அணியின் பெயரையும் சின்னத்தையும் மட்டும் தொடாதீர்கள், அவை அவர்கள் உரிமை.

முகங்கள் விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். எம்.ஜி.ஆரும் கலைஞரும் கருப்புக் கண்ணாடியோடே நம் மனதில் நிற்கும் ஊர் இது. ரஜினிகாந்த் கண்ணாடியைச் சுழற்றி மாட்டுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தான் இன்று டிசைன் போடுகிறார்கள். நடிகரின் உருவத்தையோ பெயரையோ பிரேமில் வைக்கும் ஆசை வரத்தான் செய்யும். தன் பெயரையும் உருவத்தையும் பாணியையும் அனுமதியில்லாமல் பயன்படுத்துவதை எதிர்த்து ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தடை உத்தரவு கொடுத்தது. இந்த வகைக் கண்ணாடிக்கு மேலே சொன்ன நான்கு வழிகளில் எதுவும் கவசம் ஆகாது, அனுமதி ஒன்றுதான் வழி.

அப்படியானால் எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஒருவரிடம் பொதுவாக இருப்பது ஐந்தாறு டிசைன்கள். எல்லாவற்றையும் பதிவு செய்யக் காசும் இருக்காது, தேவையும் இல்லை. எந்த ஒன்றை நம்பி டை போடப் போகிறீர்களோ, அதைப் பதிவு செய்யுங்கள். டைக்கு லட்சத்தில் செலவழிக்கத் துணிந்தவர் ஆயிரம் ரூபாய்க் கட்டணத்தை மிச்சம் பிடிப்பது நியாயமே இல்லை. லேசரில் வெட்டும் மற்ற ரகங்களைச் சந்தையில் விட்டுப் பாருங்கள். ஆனால் விட்டுப் பார்த்த ரகம் பிரமாதமாக ஓடினால் அதைப் பிறகு பதிவு செய்ய முடியாது என்று தெரிந்தே விடுங்கள். அதில் கணிசமாக வேறுபட்ட அடுத்த வடிவத்தைத்தான் பதிவு செய்யலாம். எது ஓடும் என்று சந்தேகம் இருக்கும் இரண்டு மூன்று டிசைன்களுக்கு, வெளியிடுவதற்கு முந்தின வாரமே விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு விற்க ஆரம்பிப்பதைத்தான் நான் சொல்வேன். விண்ணப்ப எண் வந்த மறு நிமிடம் இன்ஸ்டாகிராமில் போடுங்கள், பாரிமுனையில் சாம்பிள் வையுங்கள், எந்தத் தடையும் இல்லை.

எந்த வழியை எடுத்தாலும் லென்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. டிசைன் பதிவு கண்ணுக்குப் பாதுகாப்பா என்று பார்ப்பதில்லை, அழகை மட்டும்தான் பார்க்கிறது. புற ஊதாக் கதிரைத் தடுக்காத கருப்பு பிளாஸ்டிக், கண்ணின் பாவையை விரிய வைத்து இன்னும் அதிகக் கதிரை உள்ளே விடும். வேடிக்கைக் கண்ணாடியை அதிகம் மாட்டிக்கொண்டு வெயிலில் ஓடுவது குழந்தைகள். வெயிலுக்கு என்று விற்பதானால் 400 நானோமீட்டர் வரை தடுக்கும் லென்ஸ் போடுங்கள், பாலிகார்பனேட்டில் இது எளிது. முடியாது என்றால் லென்ஸே இல்லாமல் வெறும் பிரேமாகவோ நிறமில்லாத லென்ஸோடோ விற்றுவிடுங்கள், போட்டோவுக்கு அது போதும்.

வெளிநாட்டு ஆர்டர் வந்தால் இன்னொரு தேதியும் இருக்கிறது. இந்தியப் பதிவு இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும். இங்கே விண்ணப்பித்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள், அறிவுசார் சொத்து பற்றிய பாரிஸ் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் விண்ணப்பித்தால் இங்கே போட்ட தேதியையே அங்கேயும் முன்னுரிமைத் தேதியாகக் கோரலாம். நடுவில் நீங்கள் விற்றிருந்தாலும் அது புதுமையைக் கெடுக்காது. சிங்கப்பூரிலோ துபாயிலோ தமிழர் கல்யாணங்களுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், அந்த ஆறு மாதக் கெடுவை விண்ணப்பித்த அன்றே குறித்து வைத்து, நான்காவது மாதத்திலேயே அந்த ஊர் ஏஜென்ட்டுக்குப் படங்களை அனுப்பிவிடுங்கள். அமெரிக்காவில் படங்களுக்கான விதிமுறை இன்னும் கறாரானது. இங்கே ஏற்றுக்கொண்ட புகைப்படங்களைக் கோட்டுப் படமாக மறுபடி வரைய வேண்டி வரும், அதற்கும் நாள் பிடிக்கும்.